ஜோடி மாறிய தூண்கள்: பழைய திறந்த காரில் முன்கண்ணாடியைப் பொருத்தும் முறை

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கொட்டகையில் பல ஆண்டுகள் நின்றிருந்த 1936ஆம் ஆண்டு மோரிஸ் எய்ட் டூரர் அது. 918 சி.சி. இன்ஜின், 6 வோல்ட் மின்சாரம், துணிக்கூரை, முன்பக்கமாக மடிந்து படுக்கும் முன்கண்ணாடி. இன்ஜினைச் சுற்றவைப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். அது இரண்டு மாதத்தில் முடிந்தது. முன்கண்ணாடிக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

காரணம் எளியது. முன்கண்ணாடியை இருபக்கமும் தாங்கும் தூண்களில் இடப்பக்கத் தூண் அந்தக் காருக்கே உரியது. வலப்பக்கத் தூண் வேறு ஏதோ காரிலிருந்து வந்தது. கண்ணாடியைச் சுற்றிய சட்டம் எப்போதோ விழுந்து, நிமிர்த்தப்பட்டு, மறுபடி முறுக்கேறிக் கிடந்தது. திருகுகளில் நான்கு காலத்துச் சரக்கு கலந்திருந்தது. செட்டிநாட்டுக் கொட்டகைகளில் கிடைக்கும் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். வீட்டார் வெளியூர் போய்விட, ஓட்டுநரோ உறவினரோ கையில் கிடைத்ததை மாட்டி ஓட்டியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்படி மாட்டி ஓட்டியதால்தான் பல கார்கள் எடைக்குப் போகாமல் பிழைத்தன.

இப்படிப்பட்ட காரை எடுத்துச் செய்கிறவர்களுக்காக, நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். வேலை முழுக்க ஒரே கணக்கில் நிற்கிறது: இரண்டு தூண்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை, ஆனால் சட்டம் சுழலும் இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். அந்தக் கோட்டைப் புதிதாகச் செய்யும் துண்டுகளால் கொண்டுவர வேண்டும், பழையதை வெட்டியோ துளைத்தோ அல்ல.

இதில் அரசு விதி சார்ந்த காரணமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழங்கால வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறை வந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவிலேயே உள்ள வாகனங்களுக்கு எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு பதிவு கிடைக்கும். சேஸியிலும் உடல்கூட்டிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இரண்டு புதுத் துளை அந்த அளவுக்குப் போகாது என்றாலும், உடல்கூட்டில் துரப்பணத்தை வைக்கும் முன் நூறுமுறை யோசியுங்கள். நாளைக்கே சரியான வலத் தூண் எங்காவது கிடைக்கலாம். அன்று அது நேராக வந்து உட்கார வேண்டும்.

முதலில் எதையும் கழற்றாதீர்கள்

கழற்றுவதற்கு முன் கார் மட்டமாக நிற்க வேண்டும். நான்கு சக்கரங்களிலும் ஒரே காற்று. பிறகு ஸ்டாண்டுகளில் ஏற்றி, சேஸி மீது ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அடுத்துக் கதவுகளின் இடைவெளியைக் கவனியுங்கள். மேலே அகன்று கீழே நெருங்கியிருந்தால் உடல்கூடே தொய்ந்திருக்கிறது, தூணில் குற்றமில்லை. தொய்ந்த உடலுக்கு ஏற்பத் தூணைச் சாய்த்துவிட்டு, பிறகு உடலைச் சரிசெய்தால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. தூண் உட்காரும் முன்தகட்டுக்கு உள்ளே மரத்தாங்கல் இருந்தால், கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கறையான் தின்ற மரம் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். எனக்கு வலப்பக்கத் தாங்கலை மாற்ற வேண்டியிருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீட்டிலிருந்து வந்த பர்மாத் தேக்குத் துண்டு ஒன்று வாங்கினேன். பல பத்தாண்டு காய்ந்த மரம் இனி வளையாது, சுருங்காது. இந்த ஊரில் கார் புதுப்பிக்கிறவருக்குக் கிடைத்த வரம் அது.

பிறகு அளவுகள். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டும் மெல்லிய நூலும் போதும். சேஸியில் இரண்டு பக்கமும் பொதுவான ஒரு புள்ளியிலிருந்து ஒவ்வொரு தூணின் சுழல்துளைக்கும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: உயரம், முன்பின் சாய்வு, உள்வெளிச் சாய்வு, தூண் தன் அச்சில் திரும்பியிருக்கிறதா என்பது. என் காரில் வலத் துளை 7.5 மி.மீ. தாழ்ந்து, 12 மி.மீ. முன்னால் சாய்ந்திருந்தது. இந்த இரண்டு எண்களும்தான் அடுத்த மூன்று மாதத்தைத் தீர்மானித்தன.

திருகைத் தொடும் முன் மரையைக் கண்டறியுங்கள்

மரை என்பது திருகின் மேலும் அது ஏறும் துளைக்குள்ளும் இருக்கும் சுருள் வெட்டு. இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். பழைய காரில் நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு இங்கேதான்.

என் மேசையில் மூன்று போல்ட்டுகள் இருந்தன. மூன்றும் ஏறக்குறைய 8 மி.மீ. பருமன். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒன்று 5/16 அங்குல பி.எஸ்.எஃப்., அதாவது பிரிட்டிஷ் நுண்மரை: அங்குலத்துக்கு 22 மரை, மரையின் கோணம் 55 பாகை. இரண்டாவது 5/16 அமெரிக்க நுண்மரை: அங்குலத்துக்கு 24, கோணம் 60 பாகை. மூன்றாவது இன்றைய எம்8 மெட்ரிக்: இடைவெளி 1.25 மி.மீ., அங்குலக் கணக்கில் சுமார் 20. இவற்றில் எதை எதன் துளையில் வைத்தாலும் முதல் இரண்டு சுற்று இனிமையாக ஏறும். மூன்றாவது சுற்றில் சற்று இறுகும். ‘துரு போலிருக்கிறது’ என்று ஸ்பேனர் போட்டு இழுத்தால், பித்தளைத் தூணுக்குள் இருக்கும் மரை சுருள்சுருளாக வழித்துக்கொண்டு வந்துவிடும்.

ஸ்பேனரும் அதே வஞ்சகம் செய்யும். பி.எஸ்.எஃப். தலையின் அகலம் 13.3 மி.மீ., அமெரிக்கத் தலை 12.7, மெட்ரிக் தலை 13. பட்டறையில் எல்லோர் கையிலும் இருப்பது 13. அது முதலாவதில் ஏறாது, இரண்டாவதில் தளரும். 14ஐ எடுத்துப் பி.எஸ்.எஃப். தலையில் போட்டால் மூலை தேய்ந்து உருண்டையாகும். 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டுக்கு உரியது 1/4 விட்வொர்த் (பிரிட்டிஷ் பருமரை) என்று அச்சிட்ட ஸ்பேனர். அதிலுள்ள எண் தலையின் அகலத்தைக் குறிப்பதில்லை, அதே அளவு தலையுள்ள விட்வொர்த் போல்ட்டின் பருமனைக் குறிக்கிறது. இது தெரியாமல் பலர் தவறான ஸ்பேனரை வாங்கிவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் மரையின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் வாங்குங்கள். அது இல்லாத அவசரத்துக்கு, தெரிந்த போல்ட்டையும் தெரியாத போல்ட்டையும் மரையோடு மரையாக ஒட்டி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரே மரையானால் இடையில் ஒளி புகாது. ஒவ்வொன்றையும் கண்டறிந்ததும் துணிப்பையில் போட்டுச் சீட்டு எழுதுங்கள். இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவைக்கிறேன். மோரிஸின் அந்தக் காலத்து இன்ஜின்களில் மெட்ரிக் மரையும் விட்வொர்த் தலையும் சேர்ந்தே வரும். 1923இல் மோரிஸ் வாங்கிய கவென்ட்ரி ஹாட்ச்கிஸ் தொழிற்சாலை பிரெஞ்சு வழியில் வந்தது, அதன் எச்சம் இது. எனவே இன்ஜினில் கழற்றிய போல்ட்டை உடல்கூட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அழுக்கேறிய மரையைச் சுத்தம் செய்ய அதே அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால், எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாக ஓட்டினால் போதும். மரை ஏற்கெனவே வழிந்திருந்தால் கம்பிச்சுருள் செருகல் போட்டுப் பழைய அளவையே மீட்கலாம். பெரிதாகத் துளைத்து எம்10 ஆக்குவது மிகவும் எளிது. அதைச் செய்யாதீர்கள்.

வந்த தூண் என்ன உலோகம்?

அடிப்பாகத்தில், வெளியே தெரியாத இடத்தில், அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. மஞ்சளாக இருந்தால் பித்தளை அல்லது வெண்கலம். காந்தம் ஒட்டினால் இரும்பு. சாம்பல் நிறத்தில், காந்தம் ஒட்டாமல், மேற்பரப்பில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கலாம். அதைப் பற்றவைக்க நினைக்காதீர்கள். ஏறக்குறைய 380 பாகை செல்சியஸில் உருகிக் கையோடு வந்துவிடும். சில சமயம் உள்ளுக்குள்ளேயே பொரிந்து போயிருக்கும். அப்படியானால் அதை மாதிரியாக மட்டும் வைத்துப் பித்தளையில் புதிதாக வார்ப்பதே பாதுகாப்பு. என்னுடையது நல்லவேளையாகப் பித்தளை.

இடைக்கட்டை: இந்த வேலையின் உயிர்நாடி

காரின் முன்தகட்டில் தூணுக்கான இரண்டு துளைகளின் இடைவெளி 64 மி.மீ. வந்த தூணின் அடியிலுள்ள மரைத்துளைகளின் இடைவெளி 36 மி.மீ. லேத் பட்டறைத் தம்பி பார்த்தவுடனே, “தகட்டில் இன்னும் இரண்டு துளை போட்டுவிட்டால் அரைமணி நேர வேலை அண்ணே” என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நான் கேட்டது, தகட்டைத் தொடாமல் இரண்டையும் இணைக்கும் ஒரு பித்தளைக் கட்டை.

முதலில் அதன் சாய்வைக் கணக்கிட வேண்டும். தூணின் அடி 90 மி.மீ. நீளம். அடியிலிருந்து சுழல்துளை வரை உயரம் 360 மி.மீ. நான்கு மடங்கு. எனவே அடியில் ஒரு விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினால் மேலே துளை 4 மி.மீ. நகரும். எனக்கு 12 மி.மீ. பின்னால் தள்ள வேண்டும், ஆகவே முன்விளிம்பு 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். உயரக் குறைவு 7.5 மி.மீ. ஆக, பின்விளிம்பில் 6, முன்விளிம்பில் 9, நடுவில் 7.5. ஒரே கட்டையில் இரண்டு குறையும் தீர்ந்தது. உங்கள் தூணின் அடியையும் உயரத்தையும் அளந்து இதே விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பித்தளைக்குச் செலவழிக்கும் முன் இந்தக் கட்டையைத் தேக்கில் செய்து தூணை வைத்துப் பாருங்கள். நூல் பிடித்து நான்கு அளவையும் மறுபடி எடுங்கள். தூண் தன் அச்சில் திரும்பியிருந்தால் அதைச் சரிசெய்யும் நேரம் இதுதான். கட்டையைத் தகட்டின் மேல் சற்றே திருப்பி, சரியான நிலை வந்ததும் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். துளைகளின் இடம் அதற்குப் பிறகுதான் முடிவாகும்.

பித்தளைக் கட்டையில் நான்கு துளைகள். 64 மி.மீ. இடைவெளியில் இரண்டு, மேலிருந்து கீழ்நோக்கி, தலை அமிழும் குழியோடு. 36 மி.மீ. இடைவெளியில் இரண்டு, கீழிருந்து மேல்நோக்கி, அவையும் தலை அமிழும் குழியோடு. பின்னவற்றை மேல்முகத்துக்குச் செங்குத்தாகத் துளைக்க வேண்டும், ஏனென்றால் தூண் உட்காருவது சாய்ந்த முகத்தில். மேலிருந்து வரும் இரண்டு பி.எஸ்.எஃப். போல்ட்டுகளை முதலில் போடுங்கள். நட்டை இறுக்கும்போது அவை சுற்றாமலிருக்கத் தலையோரத்தில் ஒரு பொட்டு ஈயப்பற்று வையுங்கள். பிறகு தூணை அதன் மேல் வைத்து, கீழிருந்து அந்தத் தூணுக்குரிய அமெரிக்க மரைத் திருகுகளை ஏற்றி இறுக்குங்கள். இப்போது தூணும் கட்டையும் ஒரே துண்டு. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களும் காரின் பழைய துளைகளிலேயே இறங்கும். தகட்டுக்கு அடியில் அகலமான எஃகுப் பட்டை, வாஷர், நட்டு. வெளியே ஒரு திருகும் தெரியாது.

மெல்லிய திருத்தங்களுக்கு, இடையில் செருகும் பித்தளை ஷிம் தகடு பயன்படுத்துங்கள். குளிர்பானக் கேனை வெட்டி வைக்கும் வழக்கம் இருக்கிறது. அது அலுமினியம். பித்தளையும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதியியல் முறையில் அலுமினியம் அரித்துப்போகும், ஐப்பசி கார்த்திகை மழை இரண்டு முறை பெய்தால் அந்த இடத்தில் வெள்ளைப் பொடிதான் இருக்கும். அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் காரைக்குடி. அந்த ஊரில் இந்தத் தவறு நடக்க வேண்டாம். கட்டைக்கும் வண்ணம் பூசிய தகட்டுக்கும் இடையே மெல்லிய ரப்பர் விரிப்பும் தேவை.

சுழல்துளைகள்

இடத் தூணின் துளை 5/16 அங்குலம், வலத் தூணில் 3/8. பெரியதற்குச் சிறியதை விரிக்கக் கூடாது, பெரியதற்குள் புஷ், அதாவது துளையைச் சிறிதாக்கும் உள்வளையம், போட வேண்டும். வெளிவிட்டம் 9.5, உள்விட்டம் 7.9 மி.மீ. சுவர் 0.8 மி.மீ.தான் வரும், வெண்கலத்தில் கடைந்தால் தாங்கும். உட்புறம் 1.5 மி.மீ. தடிமனில் ஒரு விளிம்பு விடச் சொல்லுங்கள், அதுவே வாஷராகவும் இருக்கும்.

இப்போது தேர்வு. 5/16 அங்குல நேரான பளபளப்புக் கம்பி ஒன்று, காரின் அகலத்தைவிடச் சற்று நீளமாக. மேசைக் கண்ணாடி மேல் உருட்டி அது நேரானதுதானா என்று முதலில் பாருங்கள். இடத் துளை வழியாக விட்டு, எதிரே வலத் துளைக்குள் கொண்டுசெல்லுங்கள். முதல் நாள் என் கம்பி புஷ்ஷின் மேல்விளிம்பில் முட்டி நின்றது. தட்டினால் போயிருக்கும், தட்டவில்லை. முன்விளிம்பில் ஒரு தபால் அட்டை கனத்துக்கு ஷிம் சேர்த்ததும் உள்ளே சறுக்கியது. ஆனால் சுற்றிப் பார்த்தபோது ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பிடித்தது. கட்டையைத் திருப்பி நட்டுகளைத் தளர்த்தி இறுக்கி, மூன்றாவது முறையில் பிடிப்பு போயிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்துச் சுழற்றினால் கம்பி சுழல வேண்டும். அதுவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இடத் தூணின் உட்புறம் சட்டத்தைக் கடித்துப் பிடிக்கும் பல்வட்டம் இருந்தது, வலத் தூணில் இல்லை. ஒரு பக்கம் பல் கடித்து, மறுபக்கம் நழுவினால் சட்டம் முறுகும். இரண்டு பக்கமும் ஃபைபர் வாஷர் வைத்து, உராய்வாலேயே நிற்கும்படி செய்தேன். பற்கள் வாஷருக்குப் பின்னால் சேதமின்றி இருக்கின்றன.

சட்டம், பிறகு ஒட்டுப்பலகைக் கண்ணாடி

முதல் கண்ணாடி உடைந்தது என் அவசரத்தால். சட்டத்தில் முறுக்கு இருக்கிறது என்று தெரிந்தும், கண்ணாடி உள்ளே போனால் தானாக நிமிர்ந்துவிடும் என்று எண்ணினேன். சட்டத்தைத் தூணோடு இறுக்கும் வலப்பக்கச் சிறகு நட்டை அரைச் சுற்றுத் திருப்பியபோது ‘டிக்’ என்று ஒரு சின்ன ஒலி. கீழ்மூலையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. மறுநாள் காலையில் அது மேல்விளிம்பு வரை ஏறியிருந்தது. கண்ணாடி எதையும் நிமிர்த்தாது.

சட்டத்தின் முறுக்கைச் சோதிக்கத் தரையை நம்பாதீர்கள். ஆத்தங்குடித் தரைக்கல் செய்பவர்கள் ஒவ்வொரு கல்லையும் கண்ணாடித் தட்டின் மேல் வைத்துத்தான் வார்க்கிறார்கள், அந்த வழவழப்பு அங்கிருந்து வருகிறது. நாமும் கனமான கண்ணாடித் தட்டின் மேலேயே சட்டத்தைக் கிடத்த வேண்டும். மூலைகளைத் தட்டினால் எது ஆடுகிறதோ அங்கே இடைவெளியை அளக்கலாம். எனக்கு 4 மி.மீ. இருந்தது. மூலைத் திருகுகளைத் தளர்த்தி, மரக்கட்டைகளுக்கு இடையே பிடித்து, கையால் சிறிது சிறிதாக முறுக்கி 0.5க்குக் கீழே கொண்டுவந்தேன்.

பிறகு 6 மி.மீ. ஒட்டுப்பலகையில் கண்ணாடியின் உருவத்தை வெட்டுங்கள். சட்டத்தின் காடிக்குள் (கண்ணாடி உட்காரும் பள்ளம்) சுற்றிலும் 3 மி.மீ. இடம் விட்டு, மூலை வளைவுகளை அரத்தால் தேய்த்து உட்காரவையுங்கள். பலகையோடு சட்டத்தைக் காரில் மாட்டி எல்லாவற்றையும் இப்போதே சோதியுங்கள்: மடக்குங்கள், நிமிர்த்துங்கள், வைப்பர் கையை ஓட்டிப் பாருங்கள், துணிக்கூரையை இழுத்து மேல்சட்டத்தில் மாட்டுங்கள். கூரையை நான் மறந்துவிட்டு, பிறகு 3 மி.மீ. எட்டாமல் துணியின் முன்விளிம்பைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

முலாம் பூசக் கொடுப்பது இந்தச் சோதனைக்குப் பிறகே. இரண்டு தூண், சட்டம், கட்டை, நட்டு எல்லாம் ஒரே தொகுதியாகப் போக வேண்டும், இல்லையென்றால் நிறம் மாறும். மரைகளையும் சுழல்துளைகளையும் அடைத்துக் கொடுங்கள். மெருகுச் சக்கரத்தில் ஓரங்களின் கூர்மை கரைந்துவிடாமல் இருக்க, நேரில் நின்று பாருங்கள்.

கண்ணாடி

அடுக்குக் கண்ணாடி மட்டுமே. கடினமாக்கிய கண்ணாடி உடைந்தால் முழுப்பரப்பும் நொறுங்கிப் பார்வை மறைந்துவிடும், தவிர ஒருமுறை செய்தபின் ஓரம் தேய்க்கவும் முடியாது. இரண்டு 3 மி.மீ. தகடுகளுக்கு இடையே 0.38 மி.மீ. படலம், மொத்தம் 6.38. பழைய கால் அங்குலக் கண்ணாடி 6.35. காடிக்கு அதுவே பொருந்தும். நிறமற்றதாகக் கேளுங்கள். முன்கண்ணாடி வழியே குறைந்தது 70 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. ஒட்டுப்பலகையையே கண்ணாடிக் கடையில் கொடுத்துவிடுங்கள், அளவைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். ஓரம் முழுவதும் தேய்த்து வாங்குங்கள், ஓரத்தில் விட்ட ஒரு சின்னச் சில்லுதான் பிற்பாடு விரிசலாகிறது.

பொருத்துவதைக் காலையில், நிழலில் செய்யுங்கள். வெயிலில் காய்ந்த பித்தளைச் சட்டத்தில் மாட்டினால், இரவில் அது கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். ரப்பர் பட்டையைக் கண்ணாடியின் ஓரத்தில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, சட்டத்தைக் கீழ்ப்பக்கத்திலிருந்து ஏற்றுங்கள். எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊதவைக்கும். புளிப்பு வாடை வரும் சிலிக்கோன் பசை அசிட்டிக் அமிலத்தை விடும். அது கண்ணாடியின் இடைப்படலத்தையும் பித்தளையையும் கெடுக்கும், ஆகவே அமிலமற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். கடைசி மூலை வராவிட்டால் கழற்றி ரப்பரைப் பாருங்கள். சுத்தியல் வேண்டாம்.

இரண்டு சிறகு நட்டையும் மாறிமாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். வாளித் தண்ணீரை மேல்விளிம்பில் ஊற்றி உள்ளே கசிகிறதா என்று பார்த்துவிட்டு, முதல் ஓட்டத்தை 40 கி.மீ. வேகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தான் வரை போய் வந்தேன். திரும்பியதும் இடப்பக்கத்தில் ஒன்றுமில்லை, வலப்பக்கத்தின் தகட்டடி நட்டு ஒன்று அரைச் சுற்று இளகியிருந்தது, புது ரப்பர் விரிப்பு அமுங்கியதால். 100 கி.மீ. முடிந்தபின் மறுபடி பார்த்தேன், அசையவில்லை.

வலத் தூணில் எந்தத் திருகு எந்த மரை, கட்டையின் அளவு, ஷிம் எத்தனை என்று ஓர் அட்டையில் எழுதி, நெகிழிப் பையில் போட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கட்டிவைத்திருக்கிறேன். முன்பு அங்கே இருந்த மூன்று தவறான போல்ட்டுகளும் அதே பையில் சீட்டோடு இருக்கின்றன.